குப்பை வண்டி வரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் சங்கத்தில் குப்பைப் புகார்களைக் கேட்டு எழுதி அலுவலகத்துக்கு அனுப்பும் வேலை என்னுடையது. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். கோபத்தோடு வந்ததையும் திருத்தவில்லை. தொட்டியின் நிறம், வண்டி வரும் கிழமை, கட்டணம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அவற்றை உங்கள் உள்ளாட்சியின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னைக்கு வண்டி வரல. இப்ப நான் என்ன செய்யணும்?"

வண்டியே வரவில்லையா, வந்தும் உங்கள் வீட்டை விட்டுவிட்டுப் போனதா என்று முதலில் பாருங்கள். பக்கத்து வீடுகளில் எடுத்திருந்தால், உங்கள் பையைத் தொடாமல் போனதற்குக் காரணம் இருக்கும். நேரம் கழித்து வைத்திருப்பீர்கள், அல்லது தூக்க முடியாத எடையாக இருந்திருக்கும், அல்லது பிரிக்காமல் கலந்து வைத்திருப்பீர்கள். விடுமுறைக்கு மறுநாள் அட்டவணை ஒரு நாள் தள்ளிப்போவதும் பல ஊர்களில் வழக்கம்.

தெரு முழுக்கவே வரவில்லை என்றால் அன்றைக்கே புகார் பதியுங்கள். பையை இரவு முழுக்க வாசலில் விட்டுவைக்காதீர்கள். நாயும் காக்கையும் கிழித்துவிட்டால் அது எடுக்காத குப்பை என்ற நிலை மாறி, தெருவில் கொட்டிய குப்பை ஆகிவிடும். பழி உங்கள் மேல் திரும்பும். மூடியுள்ள வாளியில் போட்டு உள்ளே எடுத்துவையுங்கள்.

"தினமும் வந்தா என்ன குறைஞ்சு போயிடும்? வாரத்துக்கு ரெண்டு நாள் எப்படிப் போதும்?"

உலர் குப்பைக்கு வாரம் ஒரு முறையே தாராளம். காகிதமும் பாட்டிலும் அழுகப்போவதில்லை. சிக்கல் ஈரக் குப்பையில்தான். வெப்பமான இடத்தில் ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். 7 முதல் 10 நாளில் அது பறக்கத் தொடங்கிவிடும். அதற்குள் குப்பை வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். வாரம் இரண்டு முறை என்ற கணக்கு இப்படி வந்ததுதான்.

வெயில் அதிகமுள்ள இடத்தில் இது குறைந்தபட்சம். அங்கே ஈரக் குப்பைக்குத் தினமும் வண்டி கேட்பது நியாயம்தான். ஆனால் எல்லாக் குப்பைக்கும் தினமும் என்று கேட்டால் ஆள் இல்லை, வண்டி இல்லை என்று மனுவை ஓரமாக வைத்துவிடுவார்கள். ஈரத்துக்கு மட்டும் கேளுங்கள்.

"பக்கத்துத் தெருவுக்கு டாண்ணு வருது. எங்க தெருவை மட்டும் ஏன் ஒதுக்குறாங்க?"

இதை எல்லாத் தெருக்காரர்களும் சொல்கிறார்கள். வண்டி போகும் வழியை ஒரு தாளில் வரைந்து பார்த்தால் பாதி விளங்கிவிடும். வண்டி நிரம்பியதும் இறக்குமிடத்துக்குப் போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அங்கே வரிசை நீண்டுவிட்டால், திரும்பி வருவதற்குள் வேலை நேரம் முடிந்துவிடும். விடுபடுவது வழித்தடத்தின் கடைசித் தெரு. வழித்தடம் மாறாத வரை ஒவ்வொரு முறையும் அதே தெருதான்.

உங்கள் தெரு எத்தனையாவது என்று ஓட்டுநரையே கேளுங்கள், சொல்வார். கடைசி என்றால், ஒரு வாரம் முன்பக்கத்திலிருந்தும் மறுவாரம் பின்பக்கத்திலிருந்தும் வண்டியை ஓட்டச் சொல்லி எழுதிக் கேளுங்கள். புதிதாக ஆளும் வேண்டாம், வண்டியும் வேண்டாம் என்பதால் மறுப்பது கஷ்டம்.

இன்னொரு காரணம் நம் பக்கம் இருக்கிறது. தெருமுனையில் காரை நிறுத்திவிட்டால் பெரிய வண்டி திரும்ப முடியாது. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஓட்டுநருக்குத் தெரியாததால், வண்டியைப் பின்னோக்கி எடுப்பது இந்தத் தொழிலின் ஆபத்தான வேலைகளில் ஒன்று. மாட்டேன் என்று அவர் போய்விட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

"எத்தனை தடவை போன் பண்ணியாச்சு, ஒண்ணும் நடக்கல. யார்கிட்டதான் சொல்றது?"

போனில் சொல்லிவிட்டு வைத்தது கணக்கில் வராது. எண் வாங்காத புகாரைப் புகாராகவே எண்ணாதீர்கள். அடுத்தது, அதில் என்ன எழுதுகிறோம் என்பது. "எங்கள் பகுதியில் குப்பை சரியாக எடுப்பதில்லை, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று வரும் மனுவை வைத்து நல்ல அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "மூன்றாவது குறுக்குத் தெரு, 14 முதல் 31 வரை எண்ணுள்ள வீடுகள். செவ்வாயும் வெள்ளியும் ஈரக் குப்பை நாள். இந்த மாதம் 3, 10, 17 ஆகிய தேதிகளில் வண்டி வரவில்லை. மூன்றும் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமைகளில் காலை 9 மணிக்குள் வந்துவிடுகிறது." இதைப் படிப்பவர் வெள்ளிக்கிழமை யார் ஓட்டுகிறார், எந்த வண்டி போகிறது என்று பார்த்தால் போதும். தேடும் வேலையை நீங்களே முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

யாரிடம் என்றால்: முதலில் வண்டிகளின் மேற்பார்வையாளர், பிறகு உள்ளாட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவு, அங்கும் நகராவிட்டால் உங்கள் பகுதி உறுப்பினர். மேலே போகும்போது பழைய புகார் எண்ணையும் குறிப்பிடுங்கள். வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரிடம் கத்துவதால் பயன் இல்லை. எத்தனை வண்டி, எந்த வழி, எந்த நேரம் என்பதில் எதையும் அவர் முடிவு செய்வதில்லை. ஆனால் எங்கே கோளாறு என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நல்லபடியாகக் கேட்டால் அலுவலகத்தில் கிடைக்காத தகவல் அவரிடம் கிடைக்கும்.

"எது ஈரம், எது உலர்ந்தது? டீ பை, டிஷ்யூ, முட்டை ஓடு எல்லாம் எதுல போடறது?"

அழுகி மண்ணாகக்கூடியது ஈரம், மற்றது உலர்ந்தது. முட்டை ஓடு, பூ, முடி, எண்ணெய் படிந்த டிஷ்யூ எல்லாம் ஈரத்தோடு. டீ பையில் இருக்கும் தூள் ஈரம். ஆனால் சில பைகள் பிளாஸ்டிக் இழை கலந்தவை, அவற்றைப் பிரித்துப் போட வேண்டும். கடை ரசீது காகிதம் போலத் தெரிந்தாலும், பெரும்பாலும் ரசாயனப் பூச்சு உள்ள தாள். அதைப் பழைய பேப்பரோடு சேர்க்காதீர்கள்.

உலர் குப்பையை உலர்ந்ததாகக் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அடியில் தயிர் தேங்கிய ஒரு டப்பா போதும், பை நிறைய உள்ள காகிதத்தை வீணாக்க. கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிப் போடுங்கள். பளபளக்கத் தேய்க்க வேண்டியதில்லை.

"நாங்க பிரிச்சுக் கொடுக்கிறோம், அவங்க வண்டியில ஒண்ணா கொட்டுறாங்க. அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்?"

அதிகம் வரும் கேள்வி இது. நியாயமான கோபமும்கூட.

கலப்பது போலத் தெரிவதெல்லாம் கலப்பது அல்ல. சில வண்டிகளுக்குள் தடுப்பு இருக்கும். வெளியே ஒரே வாய்தான் தெரியும். நார்வேயின் ஓஸ்லோ நகரில் உணவுக் கழிவைப் பச்சைப் பையிலும் பிளாஸ்டிக்கை நீலப் பையிலும் கட்டி ஒரே தொட்டியில் போடுகிறார்கள். ஒரே வண்டிதான் அள்ளிப் போகிறது. ஆலையில் கேமரா நிறத்தைப் பார்த்துப் பைகளைப் பிரிக்கிறது. ஆகவே உங்கள் ஊர் ஏற்பாடு என்ன என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே கலக்கிறார்கள் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்: தெருவில் பாதிப் பேர் பிரிக்காமல் கொடுக்கிறார்கள். இரண்டு வாளியோடு வரும் பணியாளரிடம் கலந்த பைகளே அதிகம் வந்தால், ஒரு கட்டத்தில் அவரும் விட்டுவிடுகிறார். அல்லது மேலிருந்து தனி வண்டி கொடுக்கவில்லை. முதலாவதைத் தெருவுக்குள் பேசித்தான் சரிசெய்ய முடியும். இரண்டாவதற்கு முன்பு சொன்னபடி தேதி, நேரம், வண்டி எண்ணோடு எழுதுங்கள். நாம் பிரிக்காமல் கொடுத்துவிட்டு அவர்கள் கலப்பதைப் பற்றிப் புகார் எழுதினால் முதல் பதிலிலேயே மாட்டிக்கொள்வோம்.

இந்தச் சண்டை பழசு. 1883-இல் பாரிஸ் நிர்வாகத் தலைவராக இருந்த யூஜின் புபெல், வீட்டு உரிமையாளர்கள் மூன்று தொட்டி வைக்க வேண்டும் என்று ஆணை போட்டார்: அழுகுவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகளுக்கு ஒன்று. தொட்டி வைக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது, பிரிக்கும் பழக்கம் ஒட்டவில்லை.

"நாப்கின், டயப்பர் எல்லாம் எதுல சேர்த்தி?"

இரண்டிலும் இல்லை. செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, மேலே ஒரு குறி போட்டு, தனியாகக் கொடுங்கள். சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம் போட்டாலே புரிந்துகொள்வார்கள். டயப்பரில் உள்ள மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டுச் சுற்றுங்கள்.

இன்சுலின் ஊசி போடுபவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, "ஊசி" என்று எழுதி, மருத்துவக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பைக்குள் தளர்வாகப் போட்ட ஊசி, கடைசியில் அதைப் பிரிப்பவரின் உள்ளங்கையில்தான் ஏறும்.

"பேட்டரி சின்னதுதானே, அதுல என்ன ஆகிடப் போகுது?"

தீப்பிடிக்கும். போன், பவர் பேங்க், ரிமோட் பொம்மை ஆகியவற்றில் இருப்பது லித்தியம் பேட்டரி. குப்பையை அழுத்திச் சுருக்கும் வண்டிக்குள் அது நசுங்கினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, சூடேறி, பக்கத்துக் காகிதத்தையும் பற்றவைத்துவிடும். உலகெங்கும் குப்பை வண்டிகளிலும் பிரிப்பு மையங்களிலும் தீ விபத்துக்கு இது முக்கியக் காரணமாகிவிட்டது. முனைகளில் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

சுருள் குழல் பல்பில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். பிறகு தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளி, ஒட்டும் டேப்பால் தூளை ஒற்றி எடுத்து, மூடிய பாட்டிலில் போடுங்கள். துடைப்பமும் வாக்வம் கிளீனரும் வேண்டாம், தூளைப் பரப்பிவிடும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் பல மடிப்புக் காகிதத்தில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே எழுதிவிடுங்கள்.

"டப்பாவுல முக்கோணக் குறி இருக்கு. ஆனா எடுக்க மாட்டேங்கிறாங்களே?"

அந்தக் குறி மறுசுழற்சிக்கான உறுதிமொழி அல்ல. 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் பிளாஸ்டிக் வகைகளை அடையாளம் காட்ட 1 முதல் 7 வரை எண் கொடுத்தது. அந்த எண் இது என்ன வகை என்று மட்டும்தான் சொல்லும். தண்ணீர் பாட்டில் 1, ஷாம்பூ பாட்டில் பெரும்பாலும் 2. இவற்றை வாங்க ஆள் உண்டு. 5-க்கு இடத்தைப் பொறுத்து. 3, 6, 7 ஆகியவற்றை வாங்குபவர்கள் குறைவு. உள்ளே வெள்ளியாக மின்னும் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டில் பல அடுக்குகள் ஒட்டியிருக்கும், பிரித்தெடுப்பது கடினம்.

முன்பு எடுத்தார்கள், இப்போது எடுப்பதில்லை என்று பல நாடுகளில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகின் பழைய பிளாஸ்டிக்கில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டிருந்த சீனா 2018 தொடக்கத்தில் கதவை மூடியது. விற்க இடமில்லாத பொருளைச் சேகரிப்பதைப் பல உள்ளாட்சிகள் நிறுத்திக்கொண்டன.

"தெருமுனைத் தொட்டியை எடுத்துட்டாங்க. இப்ப அதே இடத்துல தரையில கொட்டுறாங்க."

தொட்டியை எடுப்பது தப்பில்லை. வீட்டுக்கு வீடு வண்டி ஒழுங்காக வருவதற்கு முன்பே எடுப்பதுதான் தப்பு. தைவானின் தைபே நகரில் தெருவில் குப்பையே வைக்கக் கூடாது. வண்டி இசை ஒலித்துக்கொண்டே குறித்த நேரத்தில் வரும், மக்கள் கையில் பையோடு காத்திருந்து போடுவார்கள். அங்கே அது நடப்பதற்குக் காரணம், அந்த நேரம் தவறுவதில்லை.

உங்கள் தெருமுனையில் கொட்டுபவர்கள் யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் வண்டி வரும் நேரத்தில் வீட்டில் இல்லாதவர்கள்தான். அடுத்த கேள்வி அவர்களுடையது.

"காலையில ஆறரைக்கே கிளம்பிடறோம், வண்டி பத்து மணிக்கு வருது. நாங்க எப்படிக் கொடுக்கறது?"

மூடியுள்ள வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள், பை வேண்டாம். மூடி மேல் ஒரு கல் வைத்தால் நாய் தள்ளாது. பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைப்பதும் நடக்கிற வழிதான். தெருவில் இப்படிப் பத்து வீடு இருந்தால், வாரத்தில் ஒரு நாளாவது மாலை நேர வண்டி வேண்டும் என்று சேர்ந்து எழுதுங்கள்.

"அடுக்குமாடியில ஒருத்தர் கலந்து போட்டா எல்லார் குப்பையையும் விட்டுட்டுப் போறாங்க. இது அநியாயம் இல்லையா?"

அநியாயம்தான். ஆனால் பொதுத் தொட்டியில் யாருடையது எது என்று பணியாளரால் கண்டுபிடிக்க முடியாது. பொதுத் தொட்டியைக் கீழ்த்தளத்தின் இருட்டு மூலையிலிருந்து, எல்லோரும் பார்க்கும் இடத்துக்கு, விளக்கடியில் மாற்றிப் பாருங்கள். ஆள் பார்க்கும் இடத்தில் கலந்து போடக் கை கூசும். தளத்துக்கு ஒரு தொட்டி வைத்தால் தவறு எந்தத் தளத்தில் என்பதாவது தெரியும். கேமரா வைத்து அபராதம் போட்ட குடியிருப்புகளில் குப்பைச் சண்டை தீர்ந்து ஆள் சண்டை வந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் அதை நான் சொல்லமாட்டேன்.

"குப்பை எடுக்க வர்றவங்க காசு கேட்கிறாங்க. கொடுக்கலாமா?"

விருப்பப்பட்டு விசேஷ நாளில் கொடுப்பது வேறு, கொடுத்தால்தான் எடுப்பேன் என்பது வேறு. இரண்டாவதை எழுதிப் புகார் செய்யலாம். செய்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் கொடுத்தது வீட்டுக் குப்பைதானா? உடைத்த டைல்ஸ், மெத்தை, வெட்டிய மரக்கிளை எல்லாம் அவருடைய வேலையில் சேராது. அவற்றுக்குத் தனி வண்டி கேட்க வேண்டும். கட்டடக் கழிவை அவர் தலையில் கட்டிவிட்டு லஞ்சம் கேட்டார் என்று எழுதியவர்கள் உண்டு.

"கட்டணம் கட்டுறோம், வண்டி வரல. கட்டணத்தை நிறுத்திடலாமா?"

நிறுத்தினால் நிலுவையாகி அபராதத்தோடு உங்கள் பெயரில் நிற்கும். வண்டி வராதது எங்கும் பதிவாகாது. கட்டிவிட்டு, வராத நாள்களின் பட்டியலோடு கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதே வலுவான வழி. புகார் எண்கள் அப்போது கைகொடுக்கும்.

"பேசாம எரிச்சுட்டா என்ன?"

வேண்டாம். திறந்தவெளியில் குறைந்த வெப்பத்தில் எரியும் பிளாஸ்டிக், அதிலும் பி.வி.சி., டயாக்சின் போன்ற நச்சுகளை வெளியிடும். அந்தப் புகையை முதலில் இழுப்பது உங்கள் வீட்டுக் குழந்தைதான்.

"வீட்டுலேயே உரம் போட்டா நாத்தம் வருமே?"

நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை, கிழித்த அட்டை அல்லது தேங்காய் நார்த்தூள் சேர்த்து, வாரம் ஒருமுறை கிளறினால் மழை பெய்த மண் வாசனைதான் வரும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. இறைச்சி, பால், எண்ணெய் வேண்டாம். உணவுக் கழிவில் முக்கால் பங்கு போலத் தண்ணீர்தான் என்பதால், நிரம்பிய வாளி சில வாரங்களில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வண்டி வராத நாள் உங்களைப் பாதிக்காது என்பதே இதில் பெரிய லாபம்.

"கடைசியில எல்லாம் ஒரே மேட்டுலதானே கொட்டப் போறாங்க?"

பல இடங்களில் அப்படித்தான். உலக வங்கியின் 2018 கணக்குப்படி, 2016-இல் உலகில் சேர்ந்த நகரக் குப்பை 201 கோடி டன். அதில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பாகக் கையாளப்படவில்லை. மேட்டுக்குள் காற்றில்லாமல் அழுகும் ஈரக் குப்பை மீத்தேன் விடும், சாறு நிலத்தடியில் இறங்கும், மேடும் நிலைகொள்ளாமல் போகும். 2000-இல் மணிலாவின் பயதாஸ் மேடு சரிந்து 200-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்ல மேடு வீடுகள் மேல் சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரத்தைத் தனியே எடுத்து உரமாக்கினால் மேட்டுக்குப் போவதும் குறையும், மேட்டுக்குள் அழுகுவதும் குறையும். முன்பு கேட்ட "எதுக்குப் பிரிக்கணும்" என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

"ஒப்பந்ததாரரை மாத்தினா எல்லாம் சரியாகிடுமா?"

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், வருகிற எவருக்கும் எடை கூடுவதே லாபம். கட்டடக் கழிவு கலந்தாலும் மழையில் நனைந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. நீங்கள் வீட்டிலேயே உரம் போட்டால்தான் நஷ்டம். வீட்டுக் கணக்கில் கொடுத்தால், போகாத வீட்டையும் போனதாகக் காட்டத் தோன்றும். யாரை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

எனவே ஆளை மாற்றச் சொல்லிக் கூட்டம் போடுவதற்கு முன் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். பணம் எதை வைத்துக் கொடுக்கப்படுகிறது, வண்டி வராத நாளுக்குப் பிடித்தம் உண்டா, பிரித்து எடுக்காவிட்டால் என்ன தண்டனை என்று தேடுங்கள். பிடித்தம் என்ற பிரிவு பெரும்பாலும் இருக்கும். அதைச் செயல்படுத்த, வண்டி எந்த நாளில் வரவில்லை என்ற பதிவு அலுவலகத்துக்கு வேண்டும். மூன்றாவது குறுக்குத் தெரு, வெள்ளிக்கிழமை என்று நாம் எழுதும் புகார்தான் அந்தப் பதிவு.